சிறிய வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குகிறீர்களா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கு ஸ்பீக்கர் பார்க்கப் போகிறீர்களா? உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் (ஒலிபெருக்கும் கருவி) இருக்கும் வகையா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அதற்கும் தனியே ரிங்கிட் எடுத்துவைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டு அறைக்கு 4 அல்லது 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) தாராளம். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை நான் பொருட்படுத்துவதே இல்லை.

பழையது வாங்குவதாக இருந்தால், முன்துணியைக் கழற்றிக் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரை விளிம்பு நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே போடச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் தேர்ந்தெடுக்கும் பாட்டில் எந்த ஸ்பீக்கரும் இனிக்கத்தான் செய்யும்! பின்புறம் காற்றுத் துளை இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கும்மென்று அடைத்துக் கேட்கும்.