எம்.பி.ஐ.யில் தடுக்காத அழைப்புகள் முடிந்ததை அறிவதும் அறிவிப்பதும்

எம்.பி.ஐ. என்பது ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் புராசஸ்கள் (தனித்தனியாக ஓடும் நிரல்கள்) தமக்குள் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்கான தரம். அதில் அனுப்பும் ஐசெண்ட், பெறும் ஐரிசீவ் போன்ற தடுக்காத அழைப்புகள் வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். அது முடிந்ததா என்று பின்னர் கேட்டறிய நம் கையில் மிஞ்சுவது அந்த வேலையைக் குறிக்கும் அடையாளமான ஒரு ரிக்வெஸ்ட் மட்டுமே. அந்த ரிக்வெஸ்ட் முடிவடையும்போது உண்மையில் எது முடிந்தது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐரிசீவ் முடிந்தால் தரவு பஃபருக்கு, அதாவது அதற்கென நாம் ஒதுக்கிய நினைவகப் பகுதிக்கு, வந்துவிட்டது என்று பொருள். ஐசெண்ட் முடிந்தாலோ, அனுப்பிய பஃபரில் இனி மாற்றி எழுதலாம் என்பது மட்டுமே உறுதி. சிறிய செய்தியை நூலகம் தன்னிடம் நகலெடுத்து வைத்திருக்க, எதிர்முனை ரிசீவையே அழைக்காமல் இருக்கலாம். அங்கே பெறுதல் தொடங்கிவிட்டது என்பதும் தெரிய வேண்டுமானால் ஐஎஸ்செண்ட்டைப் பயன்படுத்துங்கள்.

ஒரு தளத்தில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் நிரலில், ஒவ்வொரு புராசஸும் நான்கு அண்டைப் புராசஸ்களுடன் விளிம்பு மதிப்புகளைப் பரிமாறிக்கொள்வதாகக் கொள்வோம். முதலில் நான்கு ஐரிசீவ்களையும், அடுத்து நான்கு ஐசெண்ட்களையும் அழைத்து, எட்டு ரிக்வெஸ்ட்களையும் ஒரே அரேயில் வைத்துக்கொள்ளுங்கள். அண்டை மதிப்புகள் தேவைப்படாத உட்புறக் கட்டங்களைக் கணக்கிட்ட பிறகு, எல்லா ரிக்வெஸ்ட்களும் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஆலை அழைத்து, அது திரும்பியதும் விளிம்புக் கட்டங்களுக்குச் செல்லுங்கள். பெரும்பாலான நிரல்களுக்கு இதுவே போதும்.

அண்டைப் புராசஸ்கள் முன்பின்னாகப் பதிலளிக்கும் இடத்தில் வெயிட்எனி உதவும்: ஏதேனும் ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை காத்திருந்து அதன் எண்ணைத் தரும், அது ஐரிசீவுக்கு உரியதானால் அந்தப் பக்கத்து விளிம்பை உடனே கணக்கிடலாம். ஆனால் மூலைக் கட்டத்திற்கு இரு பக்க மதிப்புகளும் வேண்டும் என்பதால் மூலைகளைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும். முடிந்த ரிக்வெஸ்ட்கள் ரிக்வெஸ்ட்_நல் என்ற வெற்று மதிப்பாகிவிடும். எல்லாமே அப்படியானதும் எண்ணுக்குப் பதில் அன்டிஃபைண்ட் வரும், அதுவே வளையத்திலிருந்து வெளியேறும் அடையாளம்.

டெஸ்ட் காத்திருக்காது, முடிந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும். பல எம்.பி.ஐ. நூலகங்களில் பெரிய செய்திகள் நகர்வதே நிரல் நூலகத்திற்குள் நுழையும் நேரங்களில்தான் என்பதால், நீண்ட கணக்கீட்டின் இடையில் அவ்வப்போது டெஸ்ட்டை அழைப்பது பரிமாற்றத்தை முன்னகர்த்தவும் உதவும். கட்டத்துக்குக் கட்டம் அழைத்தால் அதுவே சுமையாகும். சில வரிசைகளுக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்து, நேரத்தை அளந்து முடிவு செய்யுங்கள். ரிக்வெஸ்ட்_ஃப்ரீயை மட்டும் இந்த வேலைக்குக் குறுக்குவழியாகக் கருத வேண்டாம்: ரிக்வெஸ்ட்டை விடுவித்த பிறகு, பஃபர் எப்போது நம் வசமாகும் என்பதை அந்த ரிக்வெஸ்ட்டிடம் கேட்க வழியில்லை.

2012இல் வெளிவந்த எம்.பி.ஐ.-3 சேர்த்த ஐபேரியர், ஐஆல்ரெடியூஸ் முதலிய, ஒரு குழுவின் எல்லாப் புராசஸ்களும் சேர்ந்து அழைக்கும் தடுக்காத கூட்டு அழைப்புகளும் இதே வெயிட், டெஸ்ட் வழியாகவே முடிவடைகின்றன.

நாமே எழுதிய ஒரு வேலையை, எடுத்துக்காட்டாகத் தனி த்ரெட்டில் (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழையில்) நடக்கும் கோப்புச் சுருக்கத்தை, இதே வரிசையில் சேர்க்க விரும்பினால், முடிந்ததை நாமே அறிவிக்கும் ரிக்வெஸ்ட்டான ஜிரிக்வெஸ்ட் எம்.பி.ஐ.-2 காலத்திலிருந்தே இருக்கிறது. ஜிரிக்வெஸ்ட்_ஸ்டார்ட்டுக்கு நிலையைச் சொல்லவும், நினைவகத்தை விடுவிக்கவும், ரத்து செய்யவும் மூன்று கால்பேக்குகளை (தேவைப்படும்போது நூலகம் அழைக்கும் நம் செயற்கூறுகளை) கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த த்ரெட் ஜிரிக்வெஸ்ட்_கம்ப்ளீட்டை அழைக்கும். அந்தக் கணமே வேறொரு த்ரெட்டில் காத்திருக்கும் வெயிட் திரும்பிவிடலாம் என்பதால், முடிவுகளை எல்லாம் அதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் நூலகத்திற்குள் இருப்பதால், எம்.பி.ஐ.யைத் தொடங்கும் இனிட்_த்ரெட் அழைப்பிலேயே, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் அழைக்க அனுமதிக்கும் த்ரெட்_மல்டிபிளைக் கேட்டு, அது உண்மையில் கிடைத்ததா என்பதையும் சரிபாருங்கள். எம்.பி.ஐ. இந்த வேலையைத் தானாக முன்னகர்த்தாது. கம்ப்ளீட்டை அழைக்க வேண்டிய த்ரெட்டே வெயிட்டில் போய் நின்றால் நிரல் அங்கேயே உறைந்துவிடும்.