வர்க்கமூலப் பெருக்கலில் கணக்கு சறுக்கும் இடங்கள்

வர்க்கமூலம் பெருக்கலுக்கு இணங்கும், கூட்டலுக்கு இணங்காது. √9 × √16 = 3 × 4 = 12; √144-ம் 12தான். ஆனால் √9 + √16 = 7, √(9 + 16) என்பதோ 5. இதை மறந்துவிடுவதால்தான் பல தவறுகள் வருகின்றன.

அதிகம் பேர் வழுக்கி விழுவது (√3 + √5)² போன்ற கணக்கில். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி 3 + 5 = 8 என்று முடித்துவிடுகிறார்கள். அடைப்பை இரண்டு முறை எழுதி விரித்துப் பாருங்கள்: 3 + √15 + √15 + 5, அதாவது 8 + 2√15. நடு உறுப்பு சின்னதல்ல, ஏறக்குறைய 7.75. தசமத்தில் சரிபார்த்தால் சந்தேகமே வராது: 1.732 + 2.236 = 3.968, அதன் வர்க்கம் 15.745. எட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை!

3√2 × 5√6 கணக்கில் வெளியே இருப்பதை வெளியே இருப்பதோடும், உள்ளே இருப்பதை உள்ளே இருப்பதோடும் பெருக்க வேண்டும்: 15√12. இனி 12 = 4 × 3. நான்கு அப்படியே வெளியே வராது, அதன் மூலமான 2தான் வரும். வந்து 15-ஐப் பெருக்கும். விடை 30√3. நான்கையே வெளியே எடுத்தால் 60√3 ஆகிவிடும், இரண்டைக் கூட்டினால் 17√3. இரண்டுமே தப்பு.

√72-ஐ 2√18 என்று எழுதி நிறுத்துவது தவறில்லை, ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. 18-க்குள் இன்னும் ஒரு 9 இருக்கிறது. எளிய வடிவம் 6√2. பெரிய எண்கள் வந்தால் பெருக்குவதற்கு முன்பே சுருக்கிவிடுங்கள். √54 × √84-ஐ நேரே பெருக்கினால் √4536. அதில் முழு வர்க்கத்தைத் தேடுவது பெரும்பாடு. 3√6 × 2√21 = 6√126 = 18√14 என்று போனால் நாலு வரியில் முடியும் வேலை ஒரே வரியில் முடியும்.

ஒரு மாறியின் வர்க்கத்துக்கு மூலம் எடுக்கும்போது மட்டுக்குறி (| |, குறையை விட்டு அளவை மட்டும் தருவது) போட மறக்காதீர்கள். மாறி −5 என்றால் √25 = 5, −5 அல்ல.

√−4 × √−9 கணக்கில் இன்னும் கவனம் தேவை. உள்ளே பெருக்கி √36 = 6 என எழுதக்கூடாது; இரண்டு மூலங்களையும் ஒன்றாக்கும் விதி, உள்ளே இருக்கும் இரு எண்களும் குறை எண்களாக இருந்தால் செல்லாது. முதலில் ஒவ்வொன்றிலிருந்தும் √−1-ஐப் பிரித்தெடுங்கள்: 2√−1 × 3√−1. √−1-ஐ அதனாலேயே பெருக்கினால் −1. விடை −6.