அக்டோபர்ஃபெஸ்டுக்கு முதன்முறை செல்பவர்களுக்கு: முதலில் உட்கார இடம் பிடியுங்கள்

ஜெர்மனியின் மூனிக் நகரில் நடக்கும் பீர் விழாவான அக்டோபர்ஃபெஸ்டுக்குக் கிளம்பும் பலர் விமான டிக்கெட், ஹோட்டல், உடை எல்லாவற்றையும் யோசித்துவிட்டு முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பெரிய கூடாரங்களில் பொதுவாக உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் பீர் கிடைக்கும். பரிமாறுபவர்கள் மேசைக்குக் கொண்டுவருவார்கள். நடைபாதையில் நிற்பவரைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அதனால் எந்த நாளில் போவது, எத்தனை மணிக்குப் போவது, எத்தனை பேர் போவது என்பதையெல்லாம் உட்கார இடம் கிடைக்குமா என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

பெயரில் அக்டோபர் இருந்தாலும் விழாவின் பெரும்பகுதி செப்டம்பரில்தான் நடக்கிறது. செப்டம்பர் 15க்குப் பின் வரும் சனிக்கிழமை தொடங்கி, அக்டோபர் முதல் ஞாயிறு வரை நீளும். அந்த ஞாயிறு 1 அல்லது 2ஆம் தேதியாக இருந்தால் ஜெர்மனியின் தேசிய விடுமுறையான அக்டோபர் 3 வரை நடக்கும். 2026இல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை.

முதன்முறை செல்பவருக்கு நான் சொல்லும் நாள் திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒன்று. செவ்வாய்க்கிழமை குடும்பங்களுக்கான நாள் என்பதால் ராட்டினங்களில் கட்டணச் சலுகை உண்டு. குழந்தைகளோடு போவோருக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். 2025இல் ஒரு சனிக்கிழமை கூட்டம் அளவுக்கு மீறிப்போய், மொத்த வளாகத்தையும் சிறிது நேரம் மூட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 65 லட்சம் பேர். அப்போது விழா நடந்ததோ பதினாறு நாள்தான்.

தொடக்க நாளுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு என்பதை மறுக்கவில்லை. பகல் 12 மணிக்கு ஷாட்டன்ஹாமெல் கூடாரத்தில் நகர மேயர் முதல் பீப்பாயில் குழாயை அடித்து இறக்குவார். 1950இல் மேயர் தாமஸ் விம்மர் தொடங்கிவைத்த வழக்கம் இது. அதுவரை எந்தக் கூடாரத்திலும் ஒரு துளி பீர் ஊற்றப்படாது. ஆனால் அதைப் பார்க்க விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள் போகலாம்.

படி 2: அறையை முன்பதிவு செய்யுங்கள்

விழா நாள்களில் மூனிக் ஹோட்டல் கட்டணங்கள் பல மடங்கு ஏறிவிடும். ஆறேழு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய ஆக்ஸ்பர்க் நகரில் தேடுங்கள்.

படி 3: பையை அறையிலேயே வைத்துவிடுங்கள்

வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, சோதனை உண்டு. 20 x 15 x 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பைகளுக்கு அனுமதி கிடையாது. முதுகுப்பையோடு வந்தால் வெளியே உள்ள பாதுகாப்பு அறையில் கட்டணம் செலுத்தி வைத்துவிட்டு, திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில், கத்தி எதுவும் கூடாது. பணப்பை, தொலைபேசி, அடையாள அட்டை, மெல்லிய மழைச்சட்டை ஆகியவை போதும். ரொக்கமாக யூரோ வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மூனிக் அமைந்துள்ள பவேரியா மாநிலத்தின் மரபு உடை கட்டாயமில்லை. அணிந்துபார்க்க ஆசை இருந்தால் நல்ல துணியில் தைத்ததை வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். உள்ளூர் மக்கள் தங்கள் டிர்ண்டல் என்னும் பெண்கள் உடையையும் தோல் கால்சட்டையையும் மரபுடையாக மதித்து அணிகிறார்கள். ரயில் நிலையக் கடைகளில் விற்கும் வேடிக்கைத் தொப்பிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலுக்கு மூடிய ஷூ கட்டாயம் வேண்டும். தரையில் உடைந்த கண்ணாடி கிடக்கும்.

படி 4: கூடாரத்தில் இடம் பிடியுங்கள்

யு4, யு5 சுரங்க ரயில்கள் தெரேசியன்வீசே நிலையத்தில் நிற்கும். அந்த நிலையம் நெரிசலில் திணறும்போது யு3, யு6 ரயிலில் வந்து கோதேபிளாட்ஸில் இறங்கி நடப்பது நல்லது. தலைமை ரயில் நிலையத்திலிருந்து வந்தால் கால் மணி நேர நடைதான்.

வார நாள்களில் பெரிய கூடாரங்கள் காலை 10 மணிக்குத் திறக்கின்றன. சனி, ஞாயிறுகளில் 9 மணிக்கு. மேசை முன்பதிவு பெரும்பாலும் எட்டு, பத்துப் பேர் கொண்ட குழுக்களுக்குத்தான். இருவர், மூவராகப் போவோருக்கு அது தேவையில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கூடாரமும் ஒரு பகுதி மேசைகளை முன்பதிவு இல்லாதவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. இடைத்தரகர்கள் இணையத்தில் கொள்ளை விலைக்கு விற்கும் முன்பதிவுகளை வாங்காதீர்கள். கூடாரத்தினர் அவற்றை ஏற்க மறுக்கலாம்.

வார நாளில் முற்பகல் 11 மணிக்கு உள்ளே போங்கள். மேசைமீது ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். மாலை 4 மணிக்கு முன்பதிவு என்று இருந்தால் அதுவரை அங்கே தாராளமாக உட்காரலாம். ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் நீள மேசையில் இரண்டு இடம் காலியாக இருந்தால், "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே பெஞ்சில் நெருங்கி உட்காருவதுதான் இந்த விழாவின் இயல்பு. முகம் சுளிக்க மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு தொடங்கிவிடும். எனக்கு இந்த விழாவில் மிகவும் பிடித்தது இதுதான்.

உள்ளே இடமில்லை என்று கதவை மூடிவிட்டால் மனம் தளர வேண்டாம். கூடாரத்தை ஒட்டி வெளியே இருக்கும் பீர்த் தோட்டத்தில் அதே பீர், அதே உணவு.

எந்தக் கூடாரம்? முதன்முறை என்றால் அகஸ்டினர் கூடாரத்துக்குப் போங்கள். அங்கே இன்னும் மரப்பீப்பாயிலிருந்துதான் பீர் ஊற்றுகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் அதிகம். மேற்கூரையில் நீலவானமும் மேகங்களும் தீட்டியிருக்கும் ஹாக்கர் கூடாரம் கண்ணுக்கு விருந்து. ஹோஃப்ப்ராய் கூடாரம் வெளிநாட்டினரின் கூச்சலுக்குப் பெயர்பெற்றது; நின்று குடிக்கத் தனி இடம் உள்ள கூடாரம் அது. மாலை 6 மணி வரை எல்லாக் கூடாரங்களிலும் இசை 85 டெசிபலுக்குள்தான் இருக்க வேண்டும். பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் பகல் பொழுதே ஏற்றது.

படி 5: மெதுவாகக் குடியுங்கள்

இங்கே பீர் 'மாஸ்' என்னும் ஒரு லிட்டர் குவளையில்தான் வரும். மூனிக்கின் ஆறு ஆலைகள் மட்டுமே இங்கு விற்கலாம். விழாவுக்கென்றே காய்ச்சும் இந்த பீரில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். இதமான இனிப்பு இருப்பதால் வேகமாக இறங்கிவிடும். ஏறுவது பிறகுதான் தெரியும். நம் ஊர் 650 மில்லி பாட்டிலில் ஒன்றரைக்கு மேல் ஒரே குவளையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளுக்கு இரண்டு குவளையே அதிகம்.

2025இல் ஒரு குவளை 14.50 யூரோவிலிருந்து 15.80 யூரோ வரை விற்றது. குவளை வந்தவுடனே பணம் கொடுக்க வேண்டும். பரிமாறுபவர்கள் கை நிறையக் குவளைகளைச் சுமந்து நெரிசலில் நடந்து வருகிறார்கள். ஒன்றிரண்டு யூரோ சேர்த்துக் கொடுங்கள். முதல் சுற்றிலேயே நன்றாகக் கொடுத்தவரை மறக்க மாட்டார்கள்.

குவளைகளை மோதும்போது எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்து 'ப்ரோஸ்ட்' என்று சொல்லுங்கள். பெஞ்சின்மேல் ஏறி ஆடலாம், மேசைமேல் ஏறக் கூடாது. குவளையை எடுத்துச் செல்வது திருட்டு. நினைவாக வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள்.

குடிக்காதவர்களும் தயங்காமல் வரலாம். ஆப்பிள் சாறு கலந்த சோடா, ஆல்கஹால் இல்லாத பீர், கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பெட்ஸி எல்லாம் கிடைக்கும்.

படி 6: வயிறு நிறையச் சாப்பிடுங்கள்

வெறும் வயிற்றில் குவளையைத் தொடாதீர்கள். வாட்டிய அரைக் கோழிதான் இங்கே ராஜா. மீன் விரும்பிகள் குச்சியில் குத்தித் தணலில் சுட்ட மீனைத் தேடிப் போக வேண்டும். ஃபிஷர்-ஃப்ரோனி கூடாரம் அதற்கே பெயர்போனது. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உருகிய பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த கேஸ்ஷ்பெட்ஸ்லே, காளான் குழம்போடு ரொட்டி உருண்டை, பெரிய ப்ரெட்ஸல், உருளைக்கிழங்கு அடை எல்லாம் உண்டு. ஆனால் இவற்றில் பலவற்றில் முட்டை இருக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 7: கூடாரத்துக்கு வெளியே வாருங்கள்

1810இல் பவேரிய இளவரசர் லூட்விக், இளவரசி தெரேசாவை மணந்தபோது நடந்த குதிரைப் பந்தயம்தான் இந்த விழாவின் தொடக்கம். அந்தப் பழைய சாயலைக் காண, வளாகத்தின் தெற்கே, சில ஆண்டுகள் தவிர, அமைக்கப்படும் 'ஓய்டே வீஸ்ன்' (பழைய விழா) பகுதிக்குச் சிறு கட்டணம் கொடுத்துப் போங்கள். பழைய ராட்டினங்கள், நாட்டுப்புற இசை, நடனம் என்று அங்கே நிதானமாகப் பொழுது போகும். ராட்டினம் ஏறும் ஆசை இருந்தால் முதல் குவளைக்கு முன்பே ஏறிவிடுங்கள்.

முதன்மை நுழைவாயிலில் 1980 செப்டம்பர் 26 குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. கடந்து போகும்போது சற்று நில்லுங்கள்.

படி 8: திரும்பும் வழியை முன்பே பேசிவையுங்கள்

பெரும்பாலான கூடாரங்களில் இரவு 10.30க்குக் கடைசி பீர், 11.30க்கு மூடிவிடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவதால் பத்து மணிக்கே கிளம்புவது நல்லது. கூட்டத்தில் தொலைபேசி இணைப்பு நம்பகமில்லை. பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று பகலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேட்டின்மேல் நிற்கும் பவேரியா சிலை எவர் கண்ணிலும் படும். ஷாட்டன்ஹாமெல் கூடாரத்தின் பின்புறம் உள்ள சேவை மையத்தில் காவல்துறை, முதலுதவி, பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான தனி உதவி மையம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் முதலில் அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின் ஸ்கூட்டரை எடுத்து ஓட்டும் எண்ணமே வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டினால் ஜெர்மனியில் காருக்கு உள்ள அதே ஆல்கஹால் வரம்பு அதற்கும் பொருந்தும். விழா நாள்களில் காவல்துறை சாலைகளில் சோதனை நடத்துகிறது. திரும்புவதற்கு சுரங்க ரயிலையே நம்புங்கள்; அதற்கான டிக்கெட்டையும் காலையில் வரும்போதே நாள் முழுவதற்குமாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.