கூடப் பாடுவதை நிறுத்த ஒரு டம்ளர் டீ

குன்னூரில் 22 வருடமாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். அதில் 20 வருடம் ஒரே தப்பைச் செய்திருக்கிறேன். பிள்ளை பாடும்போது நானும் கூடவே பாடிவிடுவேன். பாட்டு டீச்சர்கள் நிறைய பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. செய்கிறவருக்கு அது தப்பாகவே தெரியாது, கைகொடுப்பதாகத்தான் தோன்றும்.

இரண்டு வருடத்துக்கு முன் நவம்பர் மழையில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, கரண்டும் போய், போனில் சுருதி போட்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று வருடமாக வருகிற பெண்ணிடம், "நீயே பாடும்மா" என்று சைகை காட்டினேன். ஆரம்பப் பாடமான சரளி வரிசைதான். ச பாடினாள், சரியாக இருந்தது. அந்தப் பாடத்தின் ராகமான மாயாமாளவகௌளையில் ரி, அதாவது சுத்த ரிஷபம், ச என்கிற ஸட்ஜத்தை ஒட்டி நிற்க வேண்டும். அவளுடைய ரி மெல்ல ஏறிப்போய் நின்றது. மேலே த என்கிற தைவதமும் அதேபோல ஏறியது. ரி, த இரண்டும் ஏறினால் மாயாமாளவகௌளை எங்கே இருக்கும்? 15-வது மேளத்தில், அதாவது தாய் ராகத்தில், கிளம்பிய பிள்ளை 29-வது மேளமான சங்கராபரணத்தில் போய் நின்றாள். மூன்று வருடமாக என் ரிஷபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள்.

உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு வகுப்பைப் போனில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, நீங்கள் குறுக்கே நுழைகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்கள். என் 45 நிமிட வகுப்பில் பிள்ளை தனியாகப் பாடியது 5 நிமிடம்கூட இல்லை. முதல் தடவை கேட்க முடியாமல் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

கேட்டால் நிறைய குறை தெரியும். கூடப் பாடுவது, தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனம் முடியாமல் பாதியிலேயே நிறுத்துவது, பிள்ளைக்குப் பதிலாக நாமே தாளம் போடுவது, மூச்சுக்கு ஒரு தரம் "சரி, சரி" சொல்வது என்று எனக்கே நான்கு இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்பினேன், இரண்டு நாள் தாங்கியது. ஒன்றை மட்டும் எடுங்கள்.

அந்த ஒன்றையும் மன உறுதியை நம்பி விட முடியாது, 20 வருடப் பழக்கம் தானாக வாயைத் திறந்துவிடும். நான் கண்டுபிடித்த வழி, பாலில்லாத சூடான டீ. எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். பிள்ளை வரியைத் தொடங்கியதும் ஒரு வாய். வாய்க்கும் வேலை, கைக்கும் வேலை. தாளமும் போட முடியாது. இந்த ஊர்க் குளிருக்கு யாருக்கும் வித்தியாசமாகவும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன். நான் ஒரு தடவை பாடுவேன், பிள்ளை தனியாக இரண்டு தடவை. பிசகினாலும் ஆவர்த்தனம் முடிகிறவரை பேச மாட்டேன். முடிந்ததும் "எங்கே மாறிச்சு?" என்று மட்டும் கேட்பேன். மலஹரி ராகத்துக் கீதத்தில் ஏறும்போது க என்கிற காந்தாரம் வராது, இறங்கும்போதுதான் வரும். ஏறும்போதே அதைத் தொட்டுவிட்ட பிள்ளைகள் பல நேரம் தாங்களே அந்த இடத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

எதிர்பாராத இன்னொன்றும் வெளியே வந்தது. நான் கூடப் பாடியதால் எல்லோரும் என் குரலுக்கான ஐந்து கட்டைச் சுருதியிலேயே பாடிக்கொண்டிருந்தார்கள். குரல் உடைகிற வயதுப் பையன் ஒருவன் மேல் ஸட்ஜத்துக்குக் கழுத்து நரம்பு புடைக்க முக்கியது அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று கட்டைக்கு இறக்கினேன்.

பெற்றோரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. "என்ன டீச்சர், நீங்க பாடறதே இல்லையே, டீ குடிச்சிட்டுல்ல உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். அடுத்த மாதம் பிள்ளையை நிறுத்திவிட்டார்.

விஜயதசமிக்குப் புதிதாகச் சேரும் குழந்தைகளுக்கு இந்த விதி கிடையாது. கூடப் பாடாமல் அவர்களுக்கு ஸ்வரம் நிற்காது. இரட்டை ஸ்வரப் பாடமான ஜண்டை வரிசை வந்த பிறகு வரி வரியாக விலகிக்கொள்ளலாம். அவர்களோடு பாடிப் பாடி, பழைய பிள்ளைகளிடமும் நான் மறுபடி ஆரம்பித்துவிட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். டம்ளரை மறுபடி எடுத்தேன், அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்கிறவர் தானும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள். எப்போது என்பதுதான் சிக்கல். விடியற்காலை சாதகம், அதாவது குரல் பயிற்சி, கீழே சமவெளிக்குச் சரி. டிசம்பர் பனியில் ஐந்து மணிக்கு இங்கே யாருக்குத் தொண்டை திறக்கும்? குக்கரை இறக்கி வைத்ததும், பதினொரு மணிக்கு 40 நிமிடம் என்று மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும் நேரம். சாயங்காலமும் நீட்ட முடியாது. தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ரோட்டுக்கு வருவதற்குள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

மாதம் ஒரு தடவை பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய், ஒரு பெரியவரிடம் பாடம் கேட்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரி வரை ஒன்றும் சொல்லாமல் கேட்பார். முதல் நாள் எனக்குக் கோபமே வந்தது, இவரும் கூடவே ஒரு வரி பாடினால் என்ன என்று.

இப்போது டம்ளர் இல்லாமலும் வாய் அடங்கியிருக்கிறது. அடுத்து எடுத்திருப்பது அந்த "சரி, சரி". போன வாரம் ஒரே வகுப்பில் 61. எண்ணுகிற வேலையை ரிஷபம் ஏறிய அந்தப் பெண்ணிடமே கொடுத்திருக்கிறேன். நோட்டு ஓரத்தில் பென்சிலால் கோடு போடுகிறாள், ஒன்றுகூட விடுவதில்லை.