சுகருக்காகப் பழக்கத்தை மாற்ற: ராத்திரி குக்கரிலிருந்து தொடங்கலாம்

சாதத்தைக் குறைக்க வேண்டும் என்பது சுகர் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் ஆறு வருடமாகத் தெரியும். தெரிந்தும் கை ஏன் கரண்டிக்குப் போகிறது? மன உறுதி போதவில்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். ஆனால் ஊறிப்போன பழக்கம் நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. அந்த நேரமும் இடமும் வந்தால் போதும், யோசிப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். ஆகவே தூண்டிவிடுவது எது என்று முதலில் தேடுவோம்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். வாயில் போட்டது என்ன, எத்தனை மணி, எங்கே, அப்போது பசித்ததா என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என் நோட்டில் நாலு ராத்திரி ஒரே வரி வந்தது. மணி ஒன்பதரை, மந்தைவெளி வீட்டுச் சமையலறை, பசி இல்லை. எல்லோரும் சாப்பிட்டபின் பாத்திரம் ஒழிக்கும்போது குக்கரில் ஒரு பிடி சாதம் இருக்கும். சோற்றைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். மிச்ச ரசத்தை ஊற்றிப் பிசைந்து, நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன். உட்கார்ந்து சாப்பிடாததால் அது கணக்கிலேயே வரவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் காபிச் சர்க்கரையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

படி 2: ஒன்றை மட்டும் எடுங்கள்

நடை, சிறுதானியம், சர்க்கரை இல்லாத காபி எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். நோட்டில் அடிக்கடி வரும் ஒன்று போதும்.

படி 3: தூண்டுவதைக் கண்ணில் படாமல் செய்யுங்கள்

ராத்திரிக்கு இரண்டு ஆழாக்கு வைத்த இடத்தில் ஒன்றரை வைத்தேன். அப்படியும் மிஞ்சினால், நான் சாப்பிட உட்காரும் முன்பே டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள். மறுநாள் பையனுக்கு எலுமிச்சை சாதம். வீணாகவில்லை என்ற நிம்மதிதான் எனக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்துவிட்டது.

படி 4: காலி இடத்தில் வேறொன்றை வையுங்கள்

"இனிமேல் நடக்கணும்" என்பது நிற்காது. "கடைசித் தட்டைக் கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் பத்து நிமிடம் நடப்பேன்" என்று எழுதுங்கள். இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுவது பலிக்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். சாப்பிட்டபின் நடந்தால் தசைகள் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும், சுகர் ஏறுவது மட்டுப்படும்.

ஒன்றை அவசியம் கவனியுங்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சாதத்தைக் குறைத்து நடையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சுகர் 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் நடையை நிறுத்தி உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவே வேண்டாம்.

படி 5: தவறிய நாளுக்கு மறுநாள்

கல்யாணப் பந்தியில் பாயசம் சாப்பிட்டாச்சு. "சரி, இன்றைக்கு எல்லாம் போச்சு" என்று ராத்திரியும் விட்டுவிடுவதுதான் பெரிய சேதம். லண்டனில் பிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெடவில்லை. ஒரு செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரையும். எனவே 21 நாளில் பழகிவிடும் என்று பலரும் சொல்வதைக் கேட்டு, அப்படிப் பழகவில்லையே என்று மனம் தளராதீர்கள்.

ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை சுமார் மூன்று மாதச் சுகரின் சராசரியைத்தான் காட்டும். இன்று தொடங்குகிற தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து மூன்று மாதம் எண்ணி, அந்தப் பரிசோதனைக்கு ஒரு நாளைக் குறித்துவையுங்கள்.