குழந்தைகளின் அலர்ஜி: புதிய மருத்துவர்கள் செய்யும் தவறுகள்

அலர்ஜி கிளினிக்கில் புதிதாக உட்காரும் மருத்துவர்கள், அன்று நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். ஸ்பேசர் (மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போக இன்ஹேலரில் மாட்டும் குழாய்) இல்லாமல் இன்ஹேலர் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது உடனே திருத்திவிடுவார்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்துவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். கரப்பானோடு (எக்ஸிமா, அரிக்கும் தோல் நோய்) வந்த இரண்டரை வயதுப் பையன். ஐஜிஇ (அலர்ஜியில் பங்கு வகிக்கும் எதிர்பொருள்) ரத்த ரிப்போர்ட்டில் பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை எல்லாம் 'பாசிட்டிவ்'. எட்டு மாதமாக நான்கும் கிடையாது. எடை ஏறவில்லை, அரிப்பும் குறையவில்லை.

"இதில் எதையாவது சாப்பிட்டுத் தடிப்போ வாந்தியோ வந்ததாம்மா?"

"இல்லைங்க டாக்டர், முன்னெல்லாம் தினமும் தயிர்சாதம்தான் சாப்பிடுவான்."

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. ஐஜிஇ இருப்பது வேறு, அலர்ஜி இருப்பது வேறு. கரப்பான் உள்ள குழந்தைகளுக்குப் பல உணவுகளுக்கும் லேசான பாசிட்டிவ் வரும். எதைச் சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது, மறுபடி கொடுத்தபோதும் வந்ததா? முதலில் இதைக் கேளுங்கள், டெஸ்ட் அப்புறம்.

தொந்தரவில்லாமல் சாப்பிட்டுவந்த உணவை நிறுத்தினால், அதற்கே நிஜமான அலர்ஜி உருவாகலாம். அதனால் "வீட்டில் கொடுங்கள்" என்று சொல்ல முடியவில்லை. வார்டில் அட்ரினலினை (கடும் அலர்ஜிக்கு உடனே போடும் ஊசி) பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் உதட்டில் ஒரு சொட்டுத் தயிர், பிறகு கால் ஸ்பூன், அரை ஸ்பூன் என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தோம். அம்மாவின் கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அவன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான்.

2015-இல் வெளிவந்த 'லீப்' ஆய்வில், அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள கைக்குழந்தைகளில் வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஐந்து வயதில் அந்த அலர்ஜி இருந்தது, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான்.

உணவு ஐஜிஜி பேனல்

ஐஜிஜி என்ற வேறொரு எதிர்பொருளை ஒவ்வொரு உணவுக்கும் அளக்கும் ரத்த டெஸ்ட் இது. எழுதவே வேண்டாம்.

அனாஃபைலாக்சிஸுக்கு (உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி) முதலில் ஏவில் (அலர்ஜி மருந்து) கொடுப்பது

தொடைத் தசையில் அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மி.கி., உடனே. மற்றதெல்லாம் பிறகு.

எல்லாவற்றையும் அலர்ஜி என்பது

ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, ஆறாத வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை என்றால் நோய் எதிர்ப்புக் குறைபாடா என்று பாருங்கள். கைக்குழந்தைக்கு லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கை 3000-க்குக் கீழே இருந்தால் விடாதீர்கள். ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சாகியிருப்பது பெரியவர்களின் அளவாக இருக்கலாம், ஏமாந்துவிட வேண்டாம்.

இந்தக் குறைபாடு குடும்பத்தில் தொடரலாம். முந்தைய குழந்தை இறந்திருந்தால் அதைச் சொல்லப் பல குடும்பங்கள் தயங்கும். பிறந்ததும் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. எதிர்ப்பு சக்தியே இல்லாத குழந்தைக்கு அது உடம்பெங்கும் பரவிவிடும். அதனால் பிரசவத்துக்கு முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேளுங்கள்.