பேச்சையும் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எப்படி: வேட்பாளர், மடம், ஊடகம்

ஊழலை ஒழிக்கப் போவதாக முழங்குபவரின் சொத்து ஐந்தாண்டில் எவ்வளவு ஏறியது? துறவு பேசும் குருவின் அறக்கட்டளை யாருக்கு வாடகை கொடுக்கிறது? நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் தொலைக்காட்சி யாருடைய சொத்து? இந்தியாவில் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் காகிதத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. கோபத்தில் ஒரு மீம் பகிர்வதால் எந்தப் பேராசைக்காரருக்கும் நஷ்டமில்லை. அவருடைய கையெழுத்தையே அவர் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் அவரால் எளிதில் தப்ப முடியாது.

முதலில் பேச்சைப் பிடியுங்கள். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே, சொல் மாறாமல் எழுதுங்கள். தேதி, இடம், காணொளியில் எத்தனையாவது நிமிடம் என்பதும் வேண்டும். "நான் எளிமையானவன்" என்பதைச் சரிபார்க்க வழியில்லை, விட்டுவிடுங்கள். "என் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை" என்பதைச் சரிபார்க்கலாம். ஆனால் நிலம் மனைவி பெயரில் இருந்தால் அந்த வாக்கியம் பொய் ஆகாது. அப்போது "பொய் சொன்னார்" என்று எழுதக் கூடாது. "அவர் பெயரில் இல்லை, மனைவி பெயரில் நான்கு ஏக்கர் இருப்பதாக அவரே அறிவித்திருக்கிறார்" என்று எழுத வேண்டும். இந்த நிதானம் தவறும் இடத்தில்தான் பெரும்பாலான அம்பலப்படுத்தல்கள் ஒரே நாளில் உடைந்துபோகின்றன.

வேட்பாளரின் பிரமாணப் பத்திரம்

வேட்பாளரின் சொத்தையும் வழக்குகளையும் அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அதைச் சுருக்க நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் கொண்டுவந்த 33பி பிரிவு 2003 மார்ச்சில் செல்லாததாக்கப்பட்டது. அதன் பயனாக இன்று வேட்புமனுவோடு, சொத்தையும் வழக்குகளையும் அறிவிக்கும் பிரமாணப் பத்திரமான படிவம் 26 வருகிறது. தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்தில் அதை யாரும் பதிவிறக்கலாம். பழைய தேர்தல்களுக்கு, ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் நடத்தும் மைநேதா தளம் வசதியானது. ஆனால் அங்கே இருப்பது தட்டச்சு செய்த சுருக்கம். எண்ணை எடுத்தாளும்முன் ஸ்கேன் செய்த மூலப் பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒரு பூஜ்ஜியம் கூடினால் உங்கள் வேலை முழுதும் வீண்.

மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு "பத்து மடங்கு ஏறிவிட்டது" என்று எழுதாதீர்கள். ஒரே நபர் இரண்டு தேர்தல்களில் தந்த பிரமாணப் பத்திரங்களை எடுத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். வரிசை 4இல் நிரந்தரக் கணக்கு எண்ணும் (பான்) வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானமும் இருக்கும். 2019 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின் கடைசி ஐந்து ஆண்டுகளுக்கும் தர வேண்டும், வெளிநாட்டுச் சொத்தும் சேர்த்து. 5, 6 வழக்குகளும் தண்டனைகளும். 7இல் அசையும் சொத்து, அசையாச் சொத்து. 8இல் கடன். 9ஏயில் வருமானம் வரும் வழி, 9பியில் அரசு ஒப்பந்தங்கள். பலரும் எட்டிக்கூடப் பார்க்காத இந்தக் கடைசி இரண்டில்தான் கதை இருக்கும்.

கணக்கு இப்படிப் போக வேண்டும். (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.) முதல் பத்திரத்தில் சொத்து 2 கோடி, கடன் 40 லட்சம்: நிகரம் 1.6 கோடி. அடுத்ததில் சொத்து 7.5 கோடி, கடன் 50 லட்சம்: நிகரம் 7 கோடி. ஏற்றம் 5.4 கோடி. இரண்டிலும் அதே சர்வே எண்ணோடு இருக்கும் பழைய நிலத்தின் மதிப்பு மட்டும் 1.9 கோடி கூடியிருந்தால் அதைக் கழியுங்கள். பரம்பரையாக வந்ததாகக் காட்டிய 50 லட்சத்தையும் கழியுங்கள். மீதி 3 கோடி. ஐந்தாண்டில் தானும் மனைவியும் சார்ந்திருப்பவர்களும் அறிவித்த வருமானம் மொத்தம் 65 லட்சம். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சேமித்திருந்தாலும் 2.35 கோடிக்கு விளக்கம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இந்த 2.35 கோடி பற்றியது; 5.4 கோடி பற்றியது அல்ல.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லாததால் அது வரிக் கணக்கின் மொத்தத்தில் வராமல் இருக்கலாம். 9ஏயில் விவசாயம் என்று இருந்தால், 7இல் எத்தனை ஏக்கர் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் கோடி கொடுக்காது. நகையை ரூபாயில் ஒப்பிடாதீர்கள், கிராமில் ஒப்பிடுங்கள். தங்கத்தின் விலை ஏறியதற்கு அவர் பொறுப்பில்லை. அசையாச் சொத்தின் சந்தை மதிப்பு அவரே போட்டுக்கொண்டது. அதற்குப் பக்கத்திலேயே வாங்கிய தேதியும் வாங்கிய விலையும் இருக்கும், அவை கெட்டியான எண்கள். சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாட்டில் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று போட்டு, யாரிடமிருந்து எப்போது வாங்கினார் என்று பார்த்துவிடலாம்.

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. படிவம் கேட்பது தன்னுடைய, துணையின், கூட்டுக் குடும்பத்தின், சார்ந்திருப்பவர்களின் சொத்து மட்டுமே. சொந்த வருமானம் உள்ள வயது வந்த மகன், மருமகன், மைத்துனர் யாரும் அதில் வரமாட்டார்கள். அதனால் முதல் பத்திரத்தில் சார்ந்திருப்பவராக இருந்து இரண்டாவதில் காணாமல் போன பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போயிருக்கலாம். ஏதாவது நிறுவனத்தின் இயக்குநராகவும் ஆகியிருக்கலாம். அதைக் கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் தேடலாம்.

காலியாக விட்ட கட்டமும் ஒரு தகவல்தான். எதையும் நிரப்பாமல் விடக் கூடாது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேட்புமனுப் பரிசீலனையின்போதே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் இதைச் சுட்டிக்காட்டுங்கள், பின்னால் பயனில்லை. அதே சமயம் ஒரு பழைய வண்டி விடுபட்டதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். வேட்பாளரின் வாழ்க்கை முறையைக் காட்டும் அளவுக்குப் பெரிய சொத்தாக இல்லாவிட்டால், ஒவ்வொரு பொருளையும் சொல்லியாக வேண்டியதில்லை என்று 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே வாகனங்களைப் பற்றியதுதான். தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு மக்களாட்சி தன் வாக்காளரிடம் பொய் சொன்னவருக்கு வைத்திருக்கும் தண்டனை இவ்வளவு சிறியது என்பது வெட்கக்கேடு.

கட்சி நன்கொடையில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் கட்சி தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். வங்கியில் பத்திரம் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தால் ரத்தானது. வாங்கியவரையும் பெற்ற கட்சியையும் பொருத்திப் பார்க்க உதவும் எண்களோடு மார்ச் 21 அன்று பட்டியல் வெளியானது. ஒரு நிறுவனத்தின் பெயரைப் பிடித்து, பத்திரம் வாங்கிய தேதிக்குப் பக்கத்தில் அங்கே அரசுத் துறைகளின் சோதனை நடந்த தேதியையும் ஒப்பந்தம் கிடைத்த தேதியையும் வையுங்கள். தேதிகள் நெருங்கியிருப்பது கேள்விக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது.

கோயில், மடம், அறக்கட்டளை

இங்கே முதலில் அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி துறையிடம் கேட்கலாம். தனியார் அறக்கட்டளையிடம் நேராக அப்படிக் கேட்க முடியாது. ஆனால் ஓர் அரசு அலுவலகம் வேறு சட்டத்தின் கீழ் அதனிடமிருந்து பெறக்கூடிய தகவலை அந்த அலுவலகத்திடம் கேட்கலாம், 2(எஃப்) பிரிவு அதற்கு இடம் தருகிறது.

மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். "கருத்து கேட்கிறார்" என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "2022-23, 2023-24 நிதியாண்டுகளில் மேற்படி கோயிலின் கடை மற்றும் மனை வாடகைக்கான கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டின் நகல், உண்டியல் திறப்பு நாட்களில் எழுதப்பட்ட எண்ணிக்கை விவரத்தின் நகல்." பக்தியைப் பற்றி மேடையில் உருகுபவர் கோயில் மனைக்கு வாடகை பாக்கி வைத்திருந்தால் அது இந்த நிலுவைப் பதிவேட்டில்தான் தெரியும். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் மறுத்தாலும் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பல மனுக்கள் சாவது இந்தத் தேதிகளைத் தவறவிடுவதால்தான்.

தனியார் அறக்கட்டளை, எந்த மதத்துடையதாக இருந்தாலும், நன்கொடை கேட்கும்போது நீங்களும் கேளுங்கள்: வருமான வரிப் பதிவு எண் என்ன, கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி உண்டா, தணிக்கை செய்த கணக்கு எங்கே? 1961 வருமான வரிச் சட்டத்தின்படி 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது. கிடைக்கும் என்று சொல்லி ரொக்கம் வாங்குபவரை அங்கேயே சந்தேகியுங்கள். (2026 ஏப்ரல் 1ஐ அமல் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு.) கணக்கு கைக்கு வந்தால் அன்னதானச் செலவைப் பார்க்கும்முன் வாடகை, சம்பளம், கடன், வாகனம் ஆகிய நான்கையும் பாருங்கள். நிறுவனருக்கும் அவர் உறவினருக்கும் நியாயமற்ற பலன் போனால் வரிவிலக்கு பறிபோகும் என்பது 1961 சட்டத்தின் 13ஆம் பிரிவு. அதனால் அது நேரடியாகத் தெரியாது; நிறுவனரின் தம்பிக்குச் சொந்தமான கட்டடத்துக்கு அதிக வாடகை என்ற உருவத்தில் இருக்கும். அறக்கட்டளைப் பத்திரத்தில் நிலம் சம்பந்தப்பட்டிருந்தால் அது சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் பதிவாகியிருக்கும், யாரும் நகல் பெறலாம். நான்காம் புத்தகத்தில் இருந்தால் சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமே நகல்.

தாயத்து, மந்திரம், கவசத்தால் நீரிழிவும் புற்றுநோயும் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வுச் சட்டப்படி குற்றம். அதைப் பணம் வாங்கி ஒளிபரப்பும் அலைவரிசையும் இதில் கூட்டாளிதான். விளம்பரத்தைத் தேதி, நேரத்தோடு பதிவு செய்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள்.

ஊடகம்

உரிமையாளரிடமிருந்து தொடங்குங்கள். அலைவரிசையை நடத்தும் கம்பெனியின் பெயரைக் கண்டுபிடித்து, கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அதன் ஆண்டறிக்கையும் பங்குதாரர் விவரமும் கிடைக்கும். பங்குதாரராக இன்னொரு கம்பெனி இருந்தால் அதற்கும் இதையே செய்ய வேண்டும். இரண்டு மூன்று படி இறங்கினால்தான் ஆள் தெரிவார். நாளிதழ் என்றால் பழைய மார்ச் மாத இதழ்களைப் புரட்டுங்கள். 1956 விதிகளின்படி பிப்ரவரி முடிந்ததும் உரிமையாளர் விவரத்தை நான்காம் படிவமாக அச்சிட வேண்டியிருந்தது, ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு உள்ளவர்கள் பெயரோடு.

காசு வாங்கிப் போட்ட செய்திக்கு அடையாளங்கள் உண்டு. ஒரே வாசகம் இரு இதழ்களில் இரு நிருபர் பெயரில் வரும். எதிர்க்கருத்தே இருக்காது. ஒரே பக்கத்தில், ஒரே அளவில், நாளுக்கொரு வேட்பாளர் புகழப்படுவார். தேர்தல் காலத்தில் இதைக் கண்டால் முழுப் பக்கத்தையும் எடுத்து மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவுக்கு அன்றே அனுப்புங்கள். நிரூபணமானால் விளம்பரக் கட்டணத்துக்கு ஈடான தொகை வேட்பாளரின் செலவில் ஏறும். வெறும் எச்சரிக்கையோடு முடிவதில்லை: உத்தரப் பிரதேசம் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், இப்படிப்பட்ட செலவைக் கணக்கில் காட்டாததால் 2011 அக்டோபரில் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி இழந்தார்.

விவாத நிகழ்ச்சியின் பாரபட்சத்தை ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து இரவுகள் பாருங்கள். தலைப்பு, விருந்தினர் யார் பக்கம், ஒவ்வொருவரும் பேசிய நிமிடம், இடைவேளையில் யாருடைய விளம்பரம் என்று நான்கு பத்தி கொண்ட ஓர் அட்டவணை போதும். நீங்கள் வாக்களிக்கும் கட்சிக்கு ஆதரவான அலைவரிசைக்கும் இதே தாளைப் போடுங்கள். அதைச் செய்யாமல் மற்றவர் பாசாங்கைப் பற்றிப் பேசினால் ஒருவரும் நம்பமாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

வெளியிடும்முன் சம்பந்தப்பட்டவருக்கு எழுதி, பதிலுக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். பதில் வந்தால் அதையும் சேர்த்து வெளியிடுங்கள். அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, இரண்டாண்டு வரை சிறை உண்டு. உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காக வெளியிட்டதாகவும் காட்ட வேண்டும். ஆகவே வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, நிரந்தரக் கணக்கு எண் எதையும் போடாதீர்கள். "திருடினார்" என்று எழுத ஆதாரம் இல்லாவிட்டால் "2.35 கோடிக்கு விளக்கம் இல்லை" என்று எழுதுங்கள், அதில் இருக்கும் பலம் முன்னதில் இல்லை. காணொளியையும் பத்திரத்தையும் இணைப்பாக மட்டும் வைத்திருக்காமல் பதிவிறக்கி, தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். இணைப்புகள் தேர்தல் முடிந்ததும் மறைந்துவிடலாம்.